ஹாஷிமோட்டோ உள்ளவர் கழுத்தில் கட்டி: ஊசிப் பரிசோதனை முடிவை எப்படிப் புரிந்துகொள்வது?

கோத்தகிரி ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தங்கைக்கு வயது 34. ஹாஷிமோட்டோ தைராய்டு அழற்சி என்று சில ஆண்டுகளுக்கு முன்பே கண்டறியப்பட்டு, நாள்தோறும் 75 மைக்ரோகிராம் தைராக்ஸின் மாத்திரை எடுத்து வருகிறாள். எங்கள் ஊர்க் குளிரில் ஆண்டின் பெரும்பகுதி கழுத்தைச் சுற்றி மப்ளரோ சால்வையோ இருந்துகொண்டே இருப்பதால், கழுத்தில் இருந்த வீக்கம் வீட்டில் யார் கண்ணிலும் படவில்லை. உறவினர் திருமணத்துக்கு நகை அணிந்து நின்றபோதுதான் சங்கிலி வலப்பக்கம் சற்றே தூக்கி நிற்பதை அம்மா கவனித்தார்.

ஸ்கேன் எடுத்ததில், வலது மடலில் 14 மில்லிமீட்டர் அளவில் திண்மையான, கருமையாகத் தெரியும் ஒரு கட்டி இருப்பதாகவும், அதன் விளிம்பு சீராக இருப்பதாகவும், டை-ராட்ஸ் (ஸ்கேனில் கட்டி எவ்வளவு ஐயத்துக்கிடமானது என்று காட்டும் அளவுகோல்) 4 என்றும், சுரப்பி முழுவதுமே ஒழுங்கற்ற தோற்றத்தில் இருப்பதாகவும், கழுத்தின் நடுப்பகுதியில் சில சிறு நிணநீர்க் கணுக்கள் தெரிவதாகவும் எழுதியிருக்கிறார்கள். கோவையில் எஃப்.என்.ஏ.சி. என்னும் ஊசிப் பரிசோதனை செய்தோம். முடிவு "பெதஸ்டா 3; லிம்போசைட் அழற்சியின் பின்னணியில், தன்மை உறுதியாகாத மாறுதல் கொண்ட செல்கள்" என்று வந்தது. அறுவை மருத்துவர் ஒருவர் சுரப்பி முழுவதையும் எடுத்துவிடுவது நல்லது என்கிறார். நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் சில மாதம் பொறுத்து மீண்டும் ஊசி போட்டுப் பார்க்கலாம் என்கிறார்.

நான் கேட்க விரும்புவது இதுதான். அழற்சி நோயே இந்தச் சோதனை முடிவுகளைக் குழப்பக்கூடுமா? அப்படியானால் "உறுதியாகாத மாறுதல்" என்ற சொல்லை நாங்கள் எவ்வளவு அச்சத்தோடு எடுத்துக்கொள்ள வேண்டும்? அவளுடைய ஆன்ட்டி டி.பி.ஓ. என்னும் தைராய்டு எதிர்ப்பொருளின் அளவு மிக அதிகமாக இருப்பதும் புற்றுநோயின் அறிகுறியா? மேலும், எங்கள் ஹட்டியில் (சிற்றூரில்) பெரியவர்கள் முட்டைக்கோசும் நூக்கோலும் அதிகம் தின்றதால்தான் கழுத்தில் கட்டி வந்தது என்கிறார்கள். அதில் ஏதேனும் உண்மை உண்டா?

மேட்டுப்பாளையம் நோய்க்குறியியலாளர் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். உங்கள் முதல் கேள்விக்கு விடை: ஆம், குழப்பும். நுண்ணோக்கியின் அடியில் தைராய்டுச் செல்களைப் பார்ப்பவர்களுக்கு மிகுந்த தயக்கத்தைத் தருவது ஹாஷிமோட்டோ பின்னணியில் எடுக்கப்பட்ட ஸ்லைடுகள்தான் என்று என் அனுபவத்தில் சொல்வேன்.

காரணத்தை விளக்குகிறேன். உடலின் எதிர்ப்பாற்றலே தைராய்டைத் தாக்கும் இந்நோயில் லிம்போசைட்டுகள் என்னும் வெள்ளணுக்கள் சுரப்பிக்குள் பெருமளவில் புகுந்துகொள்கின்றன. அவற்றின் நெருக்குதலில் ஹார்மோனைச் சுரக்கும் செல்கள் நாளடைவில் உருமாறி, பெருத்து, மைட்டோகாண்ட்ரியா நிறைந்த ஆன்கோசைட்டுகளாகின்றன. பழைய நூல்களில் இவற்றை ஹர்த்தில் செல்கள் என்பார்கள். இவற்றின் உட்கரு பெரிதாகவும், சில வேளை வெளிறியும், நெடுக்காக ஒரு கோடு விழுந்தாற்போலவும் தெரியும். சிக்கல் என்னவென்றால், தைராய்டுப் புற்றுகளில் மிகப் பரவலான பாப்பில்லரி புற்றை அடையாளம் காண நாங்கள் தேடும் குறிகளும் இவையேதான். ஆக, வெறும் அழற்சியால் ஏற்பட்ட மாறுதலைப் பார்த்துவிட்டு, "இதைத் தீங்கற்றது என்று கையெழுத்திட மனம் வரவில்லை, புற்று என்று சொல்லவும் சான்று போதவில்லை" என்று நாங்கள் நிற்கும் இடத்துக்குத்தான் பெதஸ்டா 3 என்று பெயர்.

புற்றின் பக்கம் எங்களைச் சாய வைப்பவை வேறு. உட்கருவுக்குள் குமிழி போல் தெரியும் போலி உள்ளடக்கங்கள், கிளைத்துப் படரும் பாப்பில்லா வடிவங்கள், லிம்போசைட்டுகள் சற்றும் கலக்காத செல் கூட்டங்களில் ஒவ்வொரு உட்கருவும் ஒரே விதமாக மாறியிருப்பது ஆகியவற்றைப் பார்த்தால் தயக்கம் குறையும். மாறாக, லிம்போசைட்டுகள் செல் கூட்டங்களுக்குள்ளேயே ஊடுருவியிருந்து, மாறுதலும் அங்கொன்று இங்கொன்றாக இருந்தால், அது பெரும்பாலும் அழற்சியின் விளைவே.

எண்களைக் கேட்டால் மனம் சற்று அமைதியடையும் என்பதால் சொல்கிறேன். ஊசி மாதிரிகளை ஆறு பிரிவுகளாக வகைப்படுத்தும் பெதஸ்டா முறையின் 2023ஆம் ஆண்டு மூன்றாம் பதிப்பில், புற்றாக இருக்கும் வாய்ப்பு சராசரியாக இரண்டாம் பிரிவுக்கு 4 விழுக்காடு, மூன்றாம் பிரிவுக்கு 22, நான்காம் பிரிவுக்கு 30, ஐந்தாம் பிரிவுக்கு 74, ஆறாம் பிரிவுக்கு 97 என்று தரப்பட்டுள்ளது. இந்தக் கணக்கு பெரும்பாலும் அறுவைச் சிகிச்சைக்குப் போனவர்களிடமிருந்து வருவது என்பதையும் மறந்துவிடக் கூடாது. கவலைக்குரிய கட்டிகளைத்தான் அதிகம் அறுக்கிறார்கள். ஆகவே மூன்றாம் பிரிவில் உள்ள அனைவரையும் சேர்த்துப் பார்த்தால் உண்மை வாய்ப்பு இதைவிடக் குறைவாகவே இருக்கும்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் பாதி உண்மை சொன்னவன் ஆவேன். அழற்சி புற்றைப் போல நடிப்பது மட்டுமல்லாமல், புற்றை மறைக்கவும் செய்யும். ஊசி கட்டிக்குள் போகாமல் அருகிலுள்ள அழற்சித் திசுவில் இறங்கிவிட்டால் ஸ்லைடு முழுவதும் லிம்போசைட்டுகளே நிறைந்திருக்கும். நாங்களும் "லிம்போசைட் தைராய்டு அழற்சி, பெதஸ்டா 2" என்று எழுதிவிடுவோம். வீட்டார் நிம்மதியடைவார்கள், கட்டி அங்கேயே இருக்கும். ஆகவே ஸ்கேன் திரையில் ஊசி முனையைப் பார்த்துக்கொண்டே எடுத்த மாதிரியா, கையால் தடவிப் பார்த்து எடுத்ததா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 14 மில்லிமீட்டர் கட்டிக்கு, அதுவும் அழற்சியால் ஏற்கெனவே கெட்டிப்பட்டுப் போன சுரப்பிக்குள், கையால் தடவி எடுத்த மாதிரியை நான் நம்ப மாட்டேன்.

இன்னொன்று, இதுதான் நான் வற்புறுத்தவே விரும்புவது. ஸ்லைடோடு எங்களிடம் வரும் கோரிக்கைச் சீட்டில் பெரும்பாலும் "தைராய்டு கட்டி" என்ற இரண்டு சொற்களைத் தவிர வேறெதுவும் இருப்பதில்லை. நோயாளிக்கு ஹாஷிமோட்டோ உண்டா, ஆன்ட்டி டி.பி.ஓ. எவ்வளவு, டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) எவ்வளவு, கட்டி எந்த மடலில் எந்தப் பகுதியில் இருக்கிறது, ஸ்கேன் என்ன சொல்கிறது, தைராய்டு மிகைக்குத் தரும் கார்பிமசோல் மாத்திரையோ கதிர் அயோடின் சிகிச்சையோ முன்பு பெற்றதுண்டா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். இறுதியாகச் சொன்ன இரண்டும்கூட உட்கருவை விகாரமாகக் காட்டக்கூடியவை. மலையிலிருந்து ஸ்லைடு மட்டும் கீழே இறங்கி, நோயாளியின் வரலாறு மேலேயே நின்றுவிட்டால், ஐயத்துக்கிடமான முடிவுகள் பெருகத்தான் செய்யும்.

உங்கள் தங்கைக்கு என் கருத்து: சில மாத இடைவெளியில் ஸ்கேன் வழிகாட்டுதலுடன் மீண்டும் ஊசிப் பரிசோதனை செய்வது முறையான வழி. மறுமுறை எடுக்கும்போது பலருக்குத் தெளிவான பிரிவுக்குள் முடிவு வந்துவிடுகிறது. வசதியிருந்தால் அதே மாதிரியில் பிராஃப் வி600இ மரபணு மாற்றத்தையும் சோதிக்கலாம். அது இருந்தால் பாப்பில்லரி புற்று ஏறத்தாழ உறுதி. ஆனால் அது இல்லை என்பதால் புற்று இல்லை என்றாகிவிடாது.

ஆன்ட்டி டி.பி.ஓ. பற்றி: அது தைராய்டு தாக்கப்படுகிறது என்பதற்கான சான்று; கட்டியின் தன்மையைப் பற்றி அது எதையும் சொல்வதில்லை. 100 என்றாலும் 1000 என்றாலும் கட்டியை ஆராயும் முறை மாறாது. ஆகவே அதை மாதந்தோறும் எடுத்துப் பார்த்துப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

உதகை கதிர்ப்பட மருத்துவர் எழுதியது:

முந்தைய பதிவோடு முற்றிலும் உடன்படுகிறேன். ஸ்கேன் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன்.

கருமை, வெண்மை என்று நாங்கள் எழுதுவது பக்கத்திலுள்ள இயல்பான திசுவோடு ஒப்பிட்டுத்தான். ஹாஷிமோட்டோவில் அந்த இயல்பான திசுவே கருத்து, 1 முதல் 6 மில்லிமீட்டர் வரையிலான நுண்ணிய கரும்புள்ளிகளும், அவற்றுக்கிடையே வெண்ணிற நார்க்கோடுகளுமாகச் சிதறிக் கிடக்கும். அளவுகோலே நகர்ந்துவிட்ட நிலையில் கட்டியை அளப்பது போன்றது இது. நார்க்கோடுகளுக்கு நடுவே சிக்கிய அழற்சித் திட்டு ஒன்று, ஒரு கோணத்தில் பார்க்கும்போது உருண்டையான கட்டியாகவே தோன்றும். கருவியை 90 பாகை திருப்பினால் கரைந்து காணாமல் போகும். இதைப் போலிக் கட்டி என்போம். இரண்டு கோணங்களிலும் எல்லையோடு நிற்பதே உண்மையான கட்டி. உங்கள் தங்கையின் அறிக்கையில் மூன்று திசை அளவுகளும் கொடுக்கப்பட்டிருந்தால் இந்த ஐயம் பெரிதும் நீங்கும்.

டை-ராட்ஸ் கணக்கில் திண்மைக்கு 2, கருமைக்கு 2 என 4 புள்ளிகள். அதனால்தான் 4ஆம் நிலை. அமெரிக்கக் கதிரியல் கல்லூரி 2017இல் வெளியிட்ட அந்த முறைப்படி, 4ஆம் நிலைக் கட்டிக்கு 15 மில்லிமீட்டரிலிருந்துதான் ஊசிப் பரிசோதனை. அதற்குக் கீழே 10 மில்லிமீட்டர் வரை தொடர் கண்காணிப்பு. அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதலோ, திண்மையான கருநிறக் கட்டிக்கு 10 மில்லிமீட்டரிலேயே ஊசி போடலாம் என்கிறது. எனவே உங்கள் தங்கைக்கு ஊசி போட்டதும் சரி. போடாமல் காத்திருந்திருந்தாலும் தவறாகியிருக்காது. ஹாஷிமோட்டோ இருக்கிறது என்பதற்காக இந்த எல்லைகளை இரு முறைகளும் குறைக்கவுமில்லை, கூட்டவுமில்லை.

நடுக்கழுத்தில் உள்ள கணுக்களைப் பற்றிப் பயப்பட வேண்டாம். ஹாஷிமோட்டோ உள்ளவர்களிடம் தைராய்டின் கீழ்ப்புறத்தில் இத்தகைய வீங்கிய கணுக்கள் மிகச் சாதாரணம். நீள்வட்டமாக, நடுவில் கொழுப்பு மையம் வெண்மையாகத் தெரிந்தால் அது அழற்சியின் எதிரொலி. உருண்டையாகி, மையம் மறைந்து, உள்ளே நீர்க்குழியோ சுண்ணாம்புப் புள்ளியோ தென்பட்டால்தான் அந்தக் கணுவையே ஊசியால் சோதிக்க வேண்டும். உங்கள் அறிக்கையில் இந்த விவரம் இல்லையென்றால், படத்தை எடுத்தவரிடமே கேளுங்கள்.

அரிதானது என்றாலும் அறிக்கைகளில் தவறவிடப்படக்கூடிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பாப்பில்லரி புற்றில், பரவலாக நார்த்தன்மை கொள்ளும் ஒரு வகை உண்டு. அது பெரும்பாலும் இளம்பெண்களிடம் காணப்படுவது. தனிக் கட்டியாகத் திரளாமல் ஒரு மடல் முழுவதிலும் படரும். எதிர்ப்பொருள்களும் இரத்தத்தில் இருக்கும். பார்ப்பவர் "இது ஹாஷிமோட்டோதான்" என்று முடித்துவிட எல்லா வாய்ப்பும் உண்டு. சுரப்பி நெடுகிலும் பொடிப்பொடியான சுண்ணாம்புப் புள்ளிகள் சிதறியிருப்பதும், பக்கக் கழுத்துக் கணுக்கள் மாறியிருப்பதும் அதைக் காட்டிக்கொடுக்கும். உங்கள் தங்கையின் அறிக்கையில் அப்படி எதுவும் இல்லை. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகவே எழுதினேன்.

முட்டைக்கோசு, நூக்கோல், முள்ளங்கி ஆகியவற்றில் அயோடினைத் தைராய்டு எடுத்துக்கொள்வதைத் தடுக்கும் பொருள்கள் இருப்பது உண்மைதான். ஆனால் அயோடின் பற்றாக்குறை உள்ள உடலில், மிகுதியாக, அதிலும் பச்சையாகத் தின்றால்தான் அவை கழலையை (தைராய்டு வீக்கத்தை) உண்டாக்கும். மழையில் மண்ணின் அயோடின் அரித்துச் செல்லப்படும் மலைநாடுகளில் கழலை ஒரு காலத்தில் பரவலாக இருந்ததால் பெரியவர்களின் நினைவில் அது தங்கியிருக்கலாம். இந்திய அரசு 1962இல் கழலைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கி, பின்னர் அயோடின் உப்பை எங்கும் கொண்டுசேர்த்த பிறகு நிலைமை மாறிவிட்டது. பொரியலாகச் சமைத்த கோசால் உங்கள் தங்கைக்குக் கட்டி வரவில்லை. நம் தோட்டத்துக் காய்கறிமேல் பழி போட வேண்டியதில்லை.

குன்னூர் தேயிலை விவசாயி எழுதியது:

மருத்துவர்களுக்கு வணக்கம். இந்த இழையில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் மாமியாருக்கு 71 வயது. நெடுங்காலமாகத் தைராய்டு மாத்திரை எடுக்கிறார். ஹாஷிமோட்டோ என்று பழைய சீட்டில் உள்ளது. சென்ற சில வாரங்களில் கழுத்து விறுவிறுவென்று வீங்கி, குரலும் கம்மிவிட்டது. படுத்தால் மூச்சுத் திணறுகிறது என்கிறார். ஊசிப் பரிசோதனையில் "லிம்போசைட் அழற்சி மட்டுமே" என்று வந்ததால் நாங்கள் காத்திருக்கிறோம். காத்திருப்பது சரியா?

மேட்டுப்பாளையம் நோய்க்குறியியலாளர் எழுதியது:

ஐயா, காத்திருக்காதீர்கள். இன்றே அவரைப் பெரிய மருத்துவமனைக்குக் கீழே அழைத்துச் செல்லுங்கள். படுத்தால் மூச்சுத் திணறல் என்பது மூச்சுக்குழல் நெருக்கப்படுவதைக் குறிக்கக்கூடும். மலைப்பாதையில் போகும்போது நிலை மோசமாகக்கூடும் என்பதால் 108 ஆம்புலன்ஸை அழைத்து, உட்கார்ந்த நிலையிலேயே கொண்டுசெல்லச் சொல்லுங்கள்.

நீண்ட நாள் ஹாஷிமோட்டோ உள்ள மூத்த பெண்களிடம் சில வாரங்களில் பெருகும் கழுத்து வீக்கம் என்றால், தைராய்டிலேயே தோன்றும் லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றை நினைத்தே ஆக வேண்டும். இது மிக அரிது; ஆனால் வந்தால் பெரும்பாலும் ஹாஷிமோட்டோ பின்னணியிலேயே வருகிறது. அதன் செல்களும் லிம்போசைட் வகையே ஆகையால், மெல்லிய ஊசியில் வரும் மாதிரியை வைத்து அழற்சியா புற்றா என்று பிரித்துச் சொல்வது கடினம். தடித்த ஊசியால் திசுத் துண்டே எடுக்கும் கோர் பயாப்சியும், அதன்மேல் செல்லின் வகையைப் பிரித்தறியும் இம்யூனோ சாயச் சோதனையும் வேண்டும். அனாபிளாஸ்டிக் என்னும் மூர்க்கமான புற்றையும் அதே துண்டு பிரித்துக் காட்டும். லிம்போமாவுக்குச் சிகிச்சை பெரும்பாலும் மருந்தும் கதிர்வீச்சுமே. பெரிய அறுவை தேவைப்படாது. ஆகவே நோய்ப்பெயர் சரியாகக் கிடைப்பதுதான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

ஒரு குறிப்பு: வீக்கத்தைக் குறைக்க ஸ்டீராய்டு கொடுத்தால் லிம்போமா சுருங்கி, பயாப்சியில் தெளிவற்றுப் போகலாம். உயிருக்கு ஆபத்து என்றால் மூச்சைக் காப்பதே முதல் வேலை. அதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. ஆனால் சில மணி நேரம் தாங்கும் நிலை என்றால் பயாப்சியை முதலில் எடுத்துவிட முடியுமா என்று மருத்துவர்களிடம் கேளுங்கள்.

மஞ்சூர் வாசகர் எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு: எனக்கு ஹாஷிமோட்டோவும் பாப்பில்லரி புற்றும் சேர்ந்தே இருந்தன, முழுச் சுரப்பியும் அகற்றப்பட்டது. இரண்டும் சேர்ந்து இருப்பவர்களுக்கு நோயின் போக்கு பெரும்பாலும் மென்மையாகவே இருக்கிறது என்று என் மருத்துவர் அப்போது சொன்னது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அறுவைக்குப் பிந்தைய கண்காணிப்பைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் இதைச் சொல்கிறேன். புற்று திரும்புகிறதா என்று பார்க்க இரத்தத்தில் தைரோகுளோபுலின் என்னும், தைராய்டுச் செல்கள் சுரக்கும் புரதத்தை அளக்கிறார்கள். ஆன்ட்டி தைரோகுளோபுலின் எதிர்ப்பொருள் உள்ளவர்களுக்கு, பொதுவாகப் பயன்படும் சோதனையில் அந்த அளவு பொய்யாகக் குறைவாகக் காட்டும். எனவே இரண்டையும் ஒரே நாளில், ஒரே ஆய்வகத்தில் எடுத்து, எதிர்ப்பொருள் ஆண்டுக்காண்டு இறங்குகிறதா என்று பார்க்கிறார்கள். அது ஏறத் தொடங்கினால் ஸ்கேன் எடுப்பார்கள்.

முடிக்காக பயோட்டின் மாத்திரை எடுப்பவர்கள் இரத்தச் சோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும். சில ஆய்வக முறைகளில் அது டி.எஸ்.எச். அளவையே தவறாகக் காட்டிவிடும்.

கோத்தகிரி ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. குன்னூர் ஐயாவின் மாமியார் நலம்பெற வேண்டுகிறேன். இன்னும் இரண்டு ஐயங்கள். ஒருவேளை அறுவைதான் என்றால், முழுச் சுரப்பியையும் எடுப்பதா, ஒரு மடலை மட்டும் எடுப்பதா? தங்கைக்கு இருப்பதால் நானும் ஸ்கேன் எடுத்துக்கொள்ள வேண்டுமா? எனக்குக் கழுத்தில் எதுவும் தென்படவில்லை.

உதகை கதிர்ப்பட மருத்துவர் எழுதியது:

இரண்டாவதற்கு முதலில் விடை சொல்கிறேன். தைராய்டுத் தன்தாக்கு நோய் குடும்பங்களில் ஓடுவது என்பதால் நீங்கள் டி.எஸ்.எச். சோதனை செய்துகொள்வது நியாயமே. நம் ஊரில் இதற்குக் கூடுதல் காரணமும் உண்டு: தைராய்டு குறைவின் அடையாளங்களில் ஒன்றான குளிர் தாங்காமையை இங்கே யாரும் நோயாக எண்ணுவதில்லை, எல்லோருக்கும்தான் குளிர்கிறது. ஆனால் கழுத்தில் வீக்கமோ, கையில் தட்டுப்படும் கட்டியோ இல்லாமல் ஸ்கேன் எடுக்க வேண்டாம். தென்கொரியாவில் பொதுமக்களுக்குப் பரவலாகத் தைராய்டு ஸ்கேன் எடுத்ததில், 1993க்கும் 2011க்கும் இடையே கண்டறியப்பட்ட தைராய்டுப் புற்றுகள் 15 மடங்காயின; இறப்பு எண்ணிக்கையோ மாறவே இல்லை. தேடாதிருந்தால் வாழ்நாள் முழுவதும் துன்பம் தராமல் கிடந்திருக்கும் நுண்கட்டிகளுக்காகப் பலர் சுரப்பியை இழந்தார்கள். ஜப்பானின் கோபே நகரிலுள்ள குமா மருத்துவமனை, மிகச் சிறிய பாப்பில்லரி புற்றுகளை அறுக்காமல் கண்காணிக்கும் முறையை 1993இலேயே தொடங்கி, அது பாதுகாப்பானது என்று காட்டியிருக்கிறது.

மேட்டுப்பாளையம் நோய்க்குறியியலாளர் எழுதியது:

அறுவை பற்றி அறுவை மருத்துவரே இறுதியாகச் சொல்ல வேண்டும். நான் என் கருத்தை மட்டும் வைக்கிறேன். பெதஸ்டா 3க்கு, நோயை உறுதிசெய்யும் பொருட்டு அறுவை தேவைப்பட்டால், கட்டியுள்ள மடலை மட்டும் எடுப்பதே பொதுவான முறை. எப்படியும் மாத்திரை எடுப்பவர்தானே, முழுவதையும் எடுத்துவிடலாம் என்பது கேட்பதற்கு எளிய வாதம். ஆனால் ஹாஷிமோட்டோ சுரப்பி அழற்சியால் சுற்றியுள்ள திசுக்களோடு ஒட்டிக்கொண்டிருக்கும். குரல் நரம்பையும், இரத்தக் கால்சியத்தைச் சீராக வைக்கும் பாராதைராய்டு சுரப்பிகளையும் காப்பாற்றிப் பிரித்தெடுப்பது கடினம். இரு மடல்களையும் எடுத்தால் இருபுறமும் அந்த ஆபத்து. கால்சியம் சரிந்து கைகால் இழுத்துக்கொள்ளும் நிலை வந்தால், கோத்தகிரியிலிருந்து இரவில் மலை இறங்க வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். புற்று உறுதியாகாத நிலையில் நான் அந்த ஆபத்தை ஏற்கச் சொல்ல மாட்டேன். மறு ஊசியில் ஐந்தோ ஆறோ வந்தால் பேச்சு வேறு.

மறு ஊசிக்கு முன்னதாக, முதல் ஸ்லைடுகளையே இன்னொரு நோய்க்குறியியலாளரிடம் காட்டி இரண்டாம் கருத்துப் பெறுங்கள். அறிக்கைத் தாள் போதாது. கண்ணாடி ஸ்லைடுகளே வேண்டும். கேட்டு விண்ணப்பித்தால் ஆய்வகங்கள் கொடுப்பது வழக்கம். செல் பிளாக் (ஊசியில் வந்த செல்களை மெழுகில் பதித்து வைப்பது) ஏதேனும் செய்து வைத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். இருந்தால் அதையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்கேன் அறிக்கையின் நகலையும், எதிர்ப்பொருள், டி.எஸ்.எச். முடிவுகளையும் அந்த உறைக்குள்ளேயே வைத்து அனுப்புங்கள்.